ஸ்விட்ச் அருகே நிற்பவரின் பத்தாவது வருடம்

மே மாதத்துச் சனி, ஞாயிறுகளில் காட்டுப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி மேற்கே போகும் வேன்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எங்கே போகிறார்கள் என்று. ஜன்னல் ஓரமெல்லாம் பிள்ளைகள், மடியில் மாற்றுத்துணிப் பை, உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் சீட்டுக்கு அடியில் ஒரு தூக்கு புளிசோறு. குமணன்சாவடி, கரையான்சாவடி, பூந்தமல்லி கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறினால் செம்பரம்பாக்கம் பக்கத்துத் தீம் பார்க். கொலம்பஸ் கப்பலில் ஏறி உட்கார்ந்ததும் சீருடை போட்ட இளைஞர் ஒருவர் வரிசையாக வந்து, மடிக்கம்பியை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார். இருக்கைக்கு இரண்டு விநாடி. பிறகு ஸ்விட்ச் பக்கம் போய் நின்றுகொள்வார். இறங்கி வெளியே வந்தபின் அந்த முகம் யாருக்கும் நினைவிருக்காது.

அந்த இளைஞர் பத்து வருடம் கழித்து என்ன ஆவார்? சூப்பர்வைசர் ஆவாரா, ஷேர் ஆட்டோ ஓட்டுவாரா, அதே ஸ்விட்ச் பக்கம் நரைத்த மீசையோடு நிற்பாரா? விளையாட வருகிறவர்களின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கும் வேலைகள் உலகத்தில் நிறைய உண்டு. அவற்றில் ஒன்று பனிமலை வேலை. அதனால் செம்பரம்பாக்கத்துக்குப் போகும் முன் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு போகலாம்.

அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவின் பனிச்சறுக்கு மலைகளில் ‘டெரெய்ன் பார்க்’ என்று ஒரு தனிப்பகுதி இருக்கிறது. சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கினால் மட்டும் போதாது என்பவர்களுக்கான இடம். பனியை அள்ளிக் குவித்து, வெட்டி, செதுக்கித் தாவுமேடைகள் கட்டுகிறார்கள். நடுநடுவே இரும்புக் குழாய்களையும் நீளப் பெட்டிகளையும் நட்டுவைக்கிறார்கள். காலில் பலகையை மாட்டிக்கொண்டு வருகிறவர் மேடையின் விளிம்பில் எகிறி, காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, எதிர்ப்பக்கச் சரிவில் இறங்க வேண்டும். 1980களில் ஸ்னோபோர்டு பையன்களைப் பல மலைகள் உள்ளேயே விடவில்லை; அமெரிக்காவில் 3 மலைகள் இன்றும் விடுவதில்லை. விரட்டப்பட்ட ஆட்டம்தான் 1998-இல் நாகானோ ஒலிம்பிக்கில் ஹாஃப்பைப் என்ற, பாதிக்குழாய் வடிவப் பனிப்பள்ளத்துப் போட்டியாக ஆனது. 2014-இல் சோச்சியில் ஸ்லோப்ஸ்டைலும், 2018-இல் பியாங்சாங்கில் பிக் ஏரும் சேர்ந்துகொண்டன. ஒலிம்பிக் ஹாஃப்பைப்பின் பனிச்சுவர் 22 அடி. நம் ஊர் இரண்டு மாடி வீட்டு மொட்டைமாடியின் உயரம்.

பதக்கம் வாங்கியவர் படம் எல்லா நாளிதழிலும் வரும். சுவரைச் செதுக்கியவர் படம் வராது. போகட்டும், அது எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான். கவனிக்க வேண்டியது அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்பது.

சைக்கிள் கடையில் சேரும் பையன் முதலில் பஞ்சர் ஒட்டுவதுபோல, அங்கே சேருகிறவர் கையில் முதலில் கொடுப்பது நீளப் பிடி போட்ட ஒரு பனிவாரி. காலையில் லிஃப்ட் ஓடத் தொடங்குவதற்கு முன் மேலே போய், ஒவ்வொரு தாவுமேடையின் விளிம்பையும் சீவிச் சமப்படுத்த வேண்டும். இறங்கும் சரிவில் விழுந்திருக்கும் பள்ளங்களை மூட வேண்டும். இரும்புக் குழாய் ஆடுகிறதா, முனை தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று காலால் உதைத்துப் பார்க்க வேண்டும். வெயில் ஏறிப் பனி இளகினால் கயிறு கட்டி மூட வேண்டும். வசந்தகாலத்தில் உப்புத் தூவிப் பனியை இறுக வைக்க வேண்டும். பகலெல்லாம் இதேதான். கூலி, அந்த ஊர்க் கணக்கில், அடிமட்டம். சீசன் டிக்கெட் இலவசம் என்பதற்காகவே சேருகிறவர்கள் ஏராளம். ஆட்டத்தின் மேல் உள்ள பைத்தியம்தான் அவர்களை நிறுத்திவைக்கிறது.

இரண்டு, மூன்று பனிக்காலம் தாக்குப்பிடித்தவருக்கு அடுத்த இடம் எந்திரத்தின் உள்ளே. ஸ்னோகேட் என்று சொல்லப்படும் அந்த எந்திரம் புல்டோசருக்கு அண்ணன். முன்னால் பன்னிரண்டு பக்கமும் திரும்புகிற அலகு, பின்னால் பனியை அரைத்துச் சீப்பால் வாரியதுபோல் விரிக்கும் உருளை, இரு பக்கமும் அகலச் சங்கிலித் தடம். ஜெர்மனியில் 1969 முதல் தயாராகும் பிஸ்டன்புல்லியும் இத்தாலியின் பிரினோத்தும் இந்தச் சந்தையின் பெரிய பெயர்கள். வேலை இரவில்தான். கடைசி ஆள் மலையிலிருந்து இறங்கியபின் தொடங்கி நள்ளிரவு வரை ஒரு ஷிஃப்ட், அங்கிருந்து விடியும்வரை இன்னொரு ஷிஃப்ட். செங்குத்துச் சரிவில் எந்திரம் வழுக்காமல் இருக்க மேலே ஒரு நங்கூரத்தில் இரும்புக் கயிறு கட்டி, வின்ச்சால் இழுத்துக்கொண்டே ஓட்டுவார்கள். நேர்த்தியான மேடை கட்டத் தெரிந்த ஓட்டுநருக்கு மலைகளுக்கிடையே போட்டி உண்டு. அங்கிருந்து பூங்கா மேலாளர், பிறகு போட்டிகளுக்கென்று தடம் வடிவமைத்துக் கட்டித்தரும் குழுக்கள். சிலர் ஏப்ரலில் வடக்கே பனி தீர்ந்ததும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி என்று தெற்கே பறந்துவிடுவார்கள். அங்கே ஜூனில்தான் பனிக்காலம் தொடங்கும். வருடம் முழுக்கக் குளிரிலேயே வாழ்கிறவர்கள் இவர்கள். போக வசதியில்லாதவர்கள் அதே மலையில் கோடைக்குச் சைக்கிள் பாதை வெட்டுவார்கள், பட்டறையில் உட்கார்ந்து அடுத்த வருடத்துக்கான குழாய்களை வெல்டிங் செய்வார்கள்.

இதெல்லாம் ஆர்வத்தால் மட்டும் வளர்ந்த தொழில் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கோர்ட்டும் இன்ஷூரன்ஸும் சேர்ந்து வளர்த்தது இது.

2004-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் இளைஞர் தாவுமேடையிலிருந்து எகிறி, இறங்க வேண்டிய சரிவையே தாண்டிப் பறந்து, தட்டையான பனியில் போய் விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து கை கால் செயலிழந்தது. 2007-இல் நீதிமன்ற நடுவர் குழு அவருக்கு வழங்கச் சொன்ன தொகை 1 கோடியே 40 லட்சம் டாலர். இத்தகைய வழக்குகளில் முதலில் எழும் கேள்வி எளிமையானது. அந்த மேடையை யார் கட்டினார், எந்தக் கணக்கில் கட்டினார், அன்று காலை யார் பார்த்தார்? பதில் ஒரு காகிதத்தில் இருந்தாக வேண்டும். இயற்பியல் பேராசிரியர்கள் சிலர் உட்கார்ந்து, எவ்வளவு தூரம் பறந்தாலும் இறங்கும்போது விழும் அடி ஓரளவுக்கு மேல் போகாதபடி சரிவை எப்படி வளைக்கலாம் என்று சமன்பாடு எழுதினார்கள். வெயிலுக்கும் காற்றுக்கும் மணிக்கு மணி மாறும் பனியைச் சூத்திரத்தில் அடக்க முடியாது என்று தொழில்தரப்பு முணுமுணுத்தது. ஆனாலும் பூங்காவின் வாசலில் ஆரஞ்சு நிற நீள்வட்டப் பலகை வந்தது. மேடைகளுக்குச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு வந்தது. தினசரிச் சோதனைப் பதிவேடு வந்தது. அதில் ஒரு பெயரும் கையெழுத்தும் வந்தன.

அந்தக் கையெழுத்துதான் இந்தக் கட்டுரையின் பிரச்சினை.

வாரி பிடித்த பையன் மூன்று வருடம் கையெழுத்துப் போட்டிருந்தால், அவனுக்கு ஒரு சரித்திரம் உருவாகிவிடுகிறது. இன்ன மலையில், இன்ன அளவு மேடையை, இத்தனை சீசன் பார்த்துக்கொண்டவன் என்று அடுத்த மலையிடம் காட்ட அவனிடம் ஏதோ இருக்கிறது. கொலராடோவில் லெட்வில் என்ற மலையூரில் உள்ள அரசுக் கல்லூரி வளாகத்தில் பனிமலை நிர்வாகத்தையே பாடமாக வைத்துப் பட்டம் தருகிறார்கள். லிஃப்ட், பனி எந்திரம், செயற்கைப் பனி எல்லாம் பாடத்தில் உண்டு. எந்திரம் தயாரிக்கும் நிறுவனங்கள் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி நடத்துகின்றன. கையில் உள்ள திறமை காகிதத்தில் ஏறுகிறது. ஏறியபின் அதை விற்க முடிகிறது.

அங்கே தேனும் பாலும் ஓடுகிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையூர்களில் வாடகை கொடுக்க முடியாமல் வேனிலேயே படுத்துறங்கும் ஊழியர்கள் உண்டு. 2024 டிசம்பர் 27 அன்று, வருடத்தின் மிகக் கூட்டமான வாரத்தில், யூட்டா மாநிலத்தின் பெரிய பனிமலை ஒன்றில் பாதுகாப்பு ரோந்துப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஜனவரி 8 வரை நடந்தது. ஆரம்பக் கூலி மணிக்கு 21 டாலரிலிருந்து 23 ஆன பிறகுதான் மேலே ஏறினார்கள். இரண்டு டாலருக்கு ஒரு மலையையே பாதி மூட வைத்தார்கள். அது சங்கத்தின் பலம் என்பார்கள். சங்கத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அந்த வேலைக்கு ஆட்களைத் தெருவிலிருந்து கூட்டிவந்து நிறுத்திவிட முடியாது. பயிற்சியும் அதற்கான சான்றும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தியாவில் பனிக்குப் பஞ்சமில்லை என்று அட்லஸைப் பார்த்தால் தோன்றும். காஷ்மீரின் குல்மார்க்கில் கோண்டோலாவின் முதல் கட்டம் 1998-இலும் இரண்டாம் கட்டம் 2005-இலும் ஓடத் தொடங்கின. மேல் நிலையம் கிட்டத்தட்ட 3,980 மீட்டர் உயரத்தில். கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு அங்கே 2020-இல் ஆரம்பித்தது. சறுக்கச் சொல்லிக்கொடுக்கும் மத்திய அரசு நிறுவனமும் அங்கே இருக்கிறது. ஆனால் பனிதான் சொன்ன தேதிக்கு வருவதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் மைதானம் பழுப்பாகக் கிடந்த படத்தை நாடே பார்த்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய போட்டிகள் பனியில்லாமல் மார்ச் 9-க்குத் தள்ளிப்போயின. உத்தராகண்டின் ஆலியில் 2011-இல் தெற்காசிய குளிர்காலப் போட்டி நடந்தது, செயற்கைப் பனித் துப்பாக்கிகள் வந்தன. 2023 ஜனவரியில் கீழே ஜோஷிமட் பூமியே விரிசல் விட்டபோது ரோப்வே நின்றது. பனியை நம்பிப் பிழைப்பு நடத்தும் வழிகாட்டி, ஸ்லெட்ஜ் இழுப்பவர், குதிரைக்காரர், பயிற்சியாளர் எல்லோருக்கும் வருடத்தில் சில மாதம்தான் வேலை. மேடை செதுக்குவதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கே இன்னும் தொழில் விரியவில்லை.

ஆகவே தமிழனுக்குப் பனிவேலை என்றால் அது பெரும்பாலும் கூரைக்குக் கீழேதான். துபாயில் எமிரேட்ஸ் மாலுக்குள் 2005 டிசம்பரில் திறந்த பனிச்சறுக்கு அரங்கம் 22,500 சதுர மீட்டர்; நீளமான சறுக்குத் தடம் 400 மீட்டர்; தாவிக் குதிக்கிறவர்களுக்கென்று தனி மூலையும் உண்டு. வெளியே 45 டிகிரி கொதிக்க, உள்ளே இரவில் வெப்பநிலையை இன்னும் இறக்கிப் புதுப் பனி பொழியவைக்கிறார்கள். ஐதராபாத்தில் 2004-இலேயே ஒரு பனி அரங்கம் வந்துவிட்டது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்று இருக்கிறது. காஷ்மீரில் சீசன் முடிந்துபோன மே மாதத்தில் ஈ.சி.ஆர். பனிக்குச் சீசன் தொடங்குகிறது என்பது தனி வேடிக்கை.

இந்த அரங்கங்களில் பனி வானத்திலிருந்து விழுவதில்லை, கம்ப்ரஸரிலிருந்து வருகிறது. ஆகவே இங்கே உயரப் போகிறவர் சறுக்கத் தெரிந்தவர் அல்ல, சில்லர் தெரிந்தவர். காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய அம்பத்தூர் அரசு ஐடிஐ-யும் அதைச் சுற்றி 1960களில் உருவான தொழிற்பேட்டையும் இந்த வட்டாரத்துக்கு மெக்கானிக்குகளை வார்த்துக் கொடுத்தவை. குளிர்பதனம், ஏசி மெக்கானிக் படிப்பு 2 வருடம். அதை முடித்த பையன் ஐஸ்கிரீம் கிடங்கிலும் வேலை செய்யலாம், மருந்துக் கிடங்கிலும் செய்யலாம், துபாய்ப் பனியையும் பார்த்துக்கொள்ளலாம். காரணம், அவனிடம் தேசிய அளவில் செல்லும் ஒரு சான்றிதழ் இருக்கிறது. விசா ஏஜென்ட் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அதே அரங்கத்தில் வாசலில் நின்று கோட்டும் பூட்ஸும் எடுத்துக்கொடுத்து, உள்ளே போய்ச் சறுக்குமரத்தின் தலையில் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராக விட்டு, பனி இறுகிப்போன இடத்தைக் கொத்திவிடும் இன்னொரு பையன் இருக்கிறான். அவனும் பூஜ்யத்துக்குக் கீழே நாள் முழுக்க நிற்கிறான். விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது அவன்தான். அவனிடம் காகிதம் எதுவும் இல்லை.

இப்போது செம்பரம்பாக்கம் போகலாம்.

சென்னையின் தீம் பார்க் சரித்திரம் நீளமானது. 1970களின் கடற்கரைப் பூங்கா, 1990களில் தாம்பரம் பக்கமும் ஈ.சி.ஆரிலும் வந்தவை, 2000-க்குப் பிறகு பெங்களூர் நெடுஞ்சாலையில் முளைத்தவை, 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வந்த பிரம்மாண்டம் வரை எல்லாவற்றையும் வாசகர்கள் குடும்பத்தோடு சுற்றியவர்கள்தான். அந்தக் கதை வேண்டாம். உள்ளே வேலை எப்படி ஏறுகிறது என்று மட்டும் பார்ப்போம்.

சேரும்போது ஹெல்பர். வரிசையை ஒழுங்குபடுத்துவது, உயரம் அளக்கும் கம்பத்தின் பக்கத்தில் நின்று ‘இன்னும் ரெண்டு இஞ்ச் வளரணும் தம்பி’ என்று அழும் பிள்ளைக்கும் முறைக்கும் அப்பாவுக்கும் சமாதானம் சொல்வது. பிறகு ஆபரேட்டர். ராட்டினத்தின் வேகமும் நேரமும் பேனலில் பதிந்திருக்கும். ஆனால் எந்தச் சத்தம் வழக்கமான சத்தம், எது பேரிங் தேய்ந்த சத்தம் என்று பேனல் சொல்லாது. அது காதில் ஏறுவதற்கு இரண்டு வருடமாவது ஆகும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படித்தவர்கள் மெயின்டனன்ஸ் பக்கம் போவார்கள். காலையில் கதவு திறப்பதற்கு முன் போல்ட் முறுக்கம் பார்த்து, கிரீஸ் அடித்து, ஹைட்ராலிக் கசிவு துடைத்து, காலி வண்டியை ஓடவிட்டுப் பார்ப்பது அவர்கள். வெல்டிங் மூட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று சிவப்புச் சாயம் பூசிப் பார்க்கும் சோதனைக்கு வெளியிலிருந்து ஆள் வருவார்.

அந்த வெளியாளைக் கவனியுங்கள். அவர் பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் என்.டி.டி. முறையில் லெவல் 2 முடித்தவர். சென்னையில் அதற்குப் பயிற்சி மையங்கள் தெருத்தெருவாக இருக்கின்றன. வாரக்கணக்கில் ஒரு படிப்பு, ஒரு பரீட்சை, ஒரு சான்றிதழ், பிறகு சுத்திகரிப்பு ஆலை, கப்பல்துறை, வளைகுடா. அதே ராட்டினத்தை எட்டு வருடமாகத் தினமும் தொட்டுக்கொண்டிருக்கும் மெக்கானிக், பக்கத்தில் நின்று துணி எடுத்துக்கொடுப்பார். நீச்சல் குளத்துப் பக்கம் விசில் ஊதும் லைஃப்கார்டு கதையும் அப்படித்தான். உயிர்காப்புப் பயிற்சிச் சான்று வாங்கியவருக்கு ஓட்டல் நீச்சல் குளம், கப்பல், துபாய் என்று வாசல்கள் திறக்கின்றன. அலைக்குளத்தின் அந்தப் பக்கம் சறுக்குக் குழாயின் தலையில் நின்று, முன்னால் போனவர் தண்ணீரிலிருந்து விலகிவிட்டாரா என்று பார்த்து அடுத்தவரை விடுகிற ஆளுக்கு என்ன பெயர்? ஸ்டாஃப்.

இவர் செய்வது அபாயமில்லாத வேலை என்று யாராவது சொன்னால், 2016 மே மாதத்தை நினைவூட்ட வேண்டும். சென்னைப் புறநகரின் ஒரு பூங்காவில் ராட்டினம் ஒன்றைச் சோதனை ஓட்டம் விட்டார்கள். இருக்கைகளில் உட்கார்ந்திருந்தது ஊழியர்களே. அது சரிந்தது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அதற்கு முன் 2012-இல் மேற்குப் புறநகரிலேயே ஓர் இளம்பெண் ராட்டினத்திலிருந்து விழுந்து இறந்தார். 2025 மே மாதம் ஈ.சி.ஆரில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், ஏறியிருந்தவர்களைத் தீயணைப்புத் துறை மணிக்கணக்கில் போராடி இறக்கியதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் லைசென்ஸ், ஃபிட்னஸ், ஆய்வு என்று ஒரு வாரம் பேச்சு நடக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் கேளிக்கை ராட்டினங்களுக்கென்று பாதுகாப்பு நெறிமுறைகளை 2004-லேயே வெளியிட்டிருக்கிறது. எந்திரத்துக்குத் தரம் இருக்கிறது. எந்திரத்தைக் கையாளும் மனிதர் என்ன கற்றிருந்தார், எத்தனை வருட அனுபவம், யார் அவரைச் சோதித்துப் பார்த்தார்கள் என்பது அந்த ஒரு வாரப் பேச்சில் வருவதில்லை. போலீஸ் வந்தால் மட்டும் ஸ்விட்ச் பக்கம் நின்றவர் யார் என்ற கேள்வி முதலில் வருகிறது.

பனிமலையில் கையெழுத்து ஒருவரை உயர்த்துகிறது. இங்கே அவர் பெயர் எழுதப்படும் முதல் காகிதம் எஃப்.ஐ.ஆராக இருந்துவிடக்கூடாது.

நடத்துகிறவர்கள் தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பயிற்சி கொடுத்தால் மறுசீசனுக்கு ஆள் நிற்பதில்லை, பக்கத்துத் தொழிற்சாலையில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் போய்விடுகிறார்கள் என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது மழைக்காலத்தில் ஈயோட்டும் பூங்காவில் யார் காத்திருப்பார்?

போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பதில்தான் இந்த வட்டாரத்தின் ருசியான கதை இருக்கிறது. செம்பரம்பாக்கம் பக்கம் பூங்காவாக இருந்த நிலம் ஒன்று பின்னாளில் படப்பிடிப்புத் தளமாகிவிட்டது. ராட்டினம் சுற்றிய இடத்தில் இன்று செட்டு போடுகிறார்கள், டி.வி. நிகழ்ச்சிகளுக்கு வீடு கட்டிப் பிரிக்கிறார்கள். இரும்புச் சாரம் கட்டத் தெரிந்த, உயரத்தில் ஏறப் பயமில்லாத, வெல்டிங் தெரிந்த, இரவு வேலைக்கு அஞ்சாத ஆளுக்குச் சினிமாவில் எப்போதும் இடம் உண்டு. பனிமலையில் குழாய் வெல்டிங் செய்கிறவர் கோடைக்கு வேறு வேலை பார்ப்பதைப் போன்ற தாவல்தான் இது. ஆனால் சினிமாவில் உள்ளே நுழையச் சங்க அட்டை வேண்டும். அட்டைக்குப் பணம் வேண்டும், சிபாரிசு வேண்டும். அட்டை இல்லாதவர் அன்றாடக் கூலி. அபாயமும் கூடவே வருகிறது. 2020 பிப்ரவரியில் அந்த வட்டாரத்துப் படப்பிடிப்பு ஒன்றில் கிரேன் சரிந்து 3 பேர் இறந்தார்கள்.

இன்னொரு கதவு இப்போது தலைக்கு மேலேயே திறந்துகொண்டிருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் மெட்ரோ வழித்தடத்தில் போரூர் தாண்டி ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி என்று வரிசையாக நிலையங்கள் எழுந்துவிட்டன. பூந்தமல்லியில் பணிமனை. 2025 மார்ச்சில் ஓட்டுநர் இல்லாத ரயிலின் சோதனை ஓட்டம் இங்கேதான் நடந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் எஸ்கலேட்டர், லிஃப்ட், நடைமேடைக் கதவு. கியர்பாக்ஸ், மோட்டார், சென்சார், பி.எல்.சி. என்று எல்லாமே ராட்டினத்தின் வயிற்றுக்குள் இருப்பவைதான். பத்து வருடம் கொலம்பஸ் கப்பலை ஓடவைத்தவருக்கு எஸ்கலேட்டர் பெரிய மர்மம் அல்ல. பராமரிப்பு வேலைகள் ஒப்பந்தத்தில்தான் போகும்; ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கும்போது ‘தொடர்புடைய பணி அனுபவம் 3 வருடம், சான்றுடன்’ என்று கேட்பார். ஐடிஐ முடித்தவர் தப்பித்துக்கொள்வார். பத்தாவதோடு வந்து கைப்பழக்கத்தில் கற்றவருக்கு அந்தக் கடைசிச் சொல்தான் தாண்ட முடியாத வேலி.

வேலியில் சந்து இல்லாமலும் இல்லை. படிக்காமல் வேலையில் கற்றவர்களின் திறனைச் சோதித்துச் சான்று கொடுக்கும் திட்டம், ‘முன் கற்றல் அங்கீகாரம்’ என்ற பெயரில், பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் 2015 முதல் இருந்துவருகிறது. குறுகிய காலப் பயிற்சி, ஒரு மதிப்பீடு, பிறகு சான்றிதழ். கட்டடத் தொழிலாளர், தையற்காரர், எலக்ட்ரீஷியன் என்று லட்சக்கணக்கானவர்கள் வாங்கியிருக்கிறார்கள். ராட்டின மெக்கானிக் இதில் ஃபிட்டராகவோ எலக்ட்ரீஷியனாகவோ போய் உட்காரலாம். இப்படி ஒன்று இருப்பதாக அவருக்கு யார் சொல்வது என்பதுதான் கேள்வி. தமிழகத்தின் ‘நான் முதல்வன்’ 2022-இல் தொடங்கியதிலிருந்து கல்லூரிப் பிள்ளைகளைத்தான் அதிகம் தொட்டிருக்கிறது. முப்பத்திரண்டு வயதில் கிரீஸ் கையோடு நிற்கிறவர் எந்த முகாமுக்கும் அழைக்கப்படுவதில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றிச் சங்கங்களுக்குக் கடுமையான கோபம் இருக்கிறது. அது வேறு விவாதம். அவற்றுள் இரண்டு அம்சங்கள் நம் ஆளுக்கு நேரடியாகப் பொருந்தும். எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். காலவரையறை ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு 5 வருடம் காத்திராமல் ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உரிமை உண்டு. கேட்டு வாங்கினால் நியமனக் கடிதத்தில் பதவியின் பெயர் ‘ஸ்டாஃப்’ என்றில்லாமல் ‘ரைடு ஆபரேட்டர்’, ‘மெயின்டனன்ஸ் டெக்னீஷியன்’ என்று இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். விலகும்போது எந்தெந்த ராட்டினத்தில், எத்தனை வருடம், என்ன வேலை என்று ஒரு அனுபவக் கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். தினமும் கையெழுத்துப் போடும் லாக் புக் பூங்காவின் சொத்து; ஆனால் அதே விவரத்தை நாற்பது ரூபாய் நோட்டில் தனக்கென்று எழுதிவைத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. பழைய லாரி மெக்கானிக்குகள் சிலரிடம் அப்படி நோட்டுகள் உண்டு, எந்த வண்டிக்கு எந்த அளவு பேரிங் என்று.

எல்லாவற்றிலும் பெரிய காகிதம் ஒன்றை இவர்களில் பலர் தாங்களாகவே கிழித்துப்போடுகிறார்கள். அதுதான் பி.எஃப். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். பிடித்தாக வேண்டும், பிடித்தால் யூ.ஏ.என். எண்ணோடு அவர் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அரசாங்கப் பதிவில் ஏறிவிடுகிறது. வேறு எந்தச் சான்றும் இல்லாதவருக்கு அந்தப் பணி வரலாறே அனுபவச் சான்று. ஆனால் சீசன் முடிந்து வேலையை விடும்போது, தங்கச்சி கல்யாணம், பைக் தவணை என்று ஏதோ ஒன்று வந்து நிற்கும். பி.எஃப். பணத்தோடு படிவம் 10-சி போட்டு ஓய்வூதியக் கணக்கில் இருப்பதையும் எடுத்துவிடுவார்கள். சில ஆயிரம் கிடைக்கும். அந்த நிமிடத்தோடு ஓய்வூதியத்துக்கான சேவைக்காலம் பூஜ்யமாகிவிடும்.

58 வயதில் மாதாமாதம் ஓய்வூதியம் வர வேண்டுமானால் 10 வருட சேவை இருக்க வேண்டும். ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. பூங்காவில் 4 வருடம், ஒப்பந்தக்காரரிடம் 3 வருடம், மெட்ரோ பராமரிப்பில் 3 வருடம் என்று கூட்டினாலும் 10 தான். இடையில் வேலை மாறும்போது பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்ற வேண்டும். வேலையே இல்லாத காலத்தில் அதே படிவம் 10-சியில், பணத்துக்குப் பதில் ‘திட்டச் சான்றிதழ்’ கேட்டால் அதுவரையிலான சேவைக்காலம் பத்திரமாக இருக்கும். பூந்தமல்லியிலோ அம்பத்தூரிலோ இ-சேவை மையத்தில் படிவம் நிரப்பித் தருகிறவர்கள் பணம் எடுக்கும் கட்டத்தில்தான் தானாக டிக் போடுவார்கள். அடுத்த கட்டத்தில் போடச் சொல்லி நாமேதான் கேட்க வேண்டும்.